42 வெற்றி, 1 தோல்வி, 2 டிரா: மெய்ன் கல்லூரி அணியின் 1992-93 சீசன்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் ஆண்கள் அணிகள் ஆடிய மிகச் சிறந்த சீசன் எது என்ற பேச்சு எழுந்தால், இரண்டு பெயர்கள் கட்டாயம் வரும். ஒன்று 1969-70இல் ஆடிய 29 ஆட்டங்களையும் வென்ற கார்னெல். தோல்வியும் இல்லை, டிராவும் இல்லை. என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) பட்டம் வென்ற அணிகளில் அப்படி முடித்தது அது ஒன்றுதான். இன்னொன்று மெய்ன் பல்கலைக்கழகத்தின் 1992-93 சீசன்: 45 ஆட்டம், 42 வெற்றி, ஒரு தோல்வி, இரண்டு டிரா.

கணக்கை மட்டும் பார்த்தால் கார்னெலுக்குத்தான் முதலிடம். ஆனால் ஒரு சீசன் எப்படி உருவாகிறது, எங்கே உடையப் பார்க்கிறது என்று ஆராய வேண்டுமானால் மெய்ன்தான் எனக்குப் பிடித்த கேஸ். ஆறு மாத உழைப்பு கடைசி ஆட்டத்தின் கடைசி 20 நிமிடத்தில் கைநழுவப் பார்த்தது. அதைக் காப்பாற்றிய இரண்டு பேரும் ஒரே அணியில் முழுதாகச் சேர்ந்து ஆடியது அந்த ஒரு வருடம்தான். இந்தக் கேஸின் மையமே அதுதான் என்று நினைக்கிறேன்.

ஊரும் அணியும்

மெய்ன் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாநிலம். பெரிய லீக்குகளில் ஆடும் தொழில்முறை அணி எதுவும் அங்கே கிடையாது. பல்கலைக்கழகம் இருப்பது பாங்கோர் நகரத்தை ஒட்டிய ஓரோனோ என்ற சிறிய ஊரில். பாஸ்டனில் இருந்து பஸ்ஸில் வர சுமார் 4 மணி நேரம். ஹாக்கி அணி தொடங்கியதே 1977இல்தான். ஷூ கம்பெனி நடத்திய ஹெரால்டு ஆல்ஃபண்டின் பெயரில் கட்டப்பட்ட ஆல்ஃபண்ட் அரீனாவும் அதே வருடம் திறந்தது. அரங்கம் நிரம்பினால் ஐயாயிரம் பேர் சொச்சம். குளிர்கால வெள்ளி, சனி இரவுகளில் அந்த வட்டாரத்துக்கு அதைவிடப் பெரிய விசேஷம் வேறு இல்லை.

1984இல் ஷான் வால்ஷ் பயிற்சியாளராக வந்தார். வயது முப்பதைக்கூடத் தொடவில்லை. மிஷிகன் ஸ்டேட்டில் ரான் மேசனிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஹாக்கி ஈஸ்ட் என்ற புதிய லீக் தொடங்கியதும் அதே வருடம்தான். மெய்ன் அதன் ஆரம்பகால உறுப்பினர். முதலில் தோல்விகள்தான் அதிகம். அப்புறம் 1987இல் தேசியப் போட்டிக்கு முதல்முறையாகத் தகுதி கிடைத்தது. 1988, 1989, 1991 மூன்று முறையும் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து அரையிறுதியோடு ஊர் திரும்பியது. 1992இல் இன்னும் மோசம். நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாகப் போய், காலிறுதியிலேயே மிஷிகன் ஸ்டேட்டிடம் தோற்றது. அந்த வருடம் கல்லூரி ஹாக்கியின் சிறந்த வீரருக்கான ஹாபி பேக்கர் விருதை மெய்னின் ஸ்காட் பெலரின் வாங்கினார். விருது வந்தது, பட்டம் வரவில்லை.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1992-93 திடீரென்று வானத்தில் இருந்து விழுந்த சீசன் இல்லை. ஐந்தாறு வருடமாக வாசல் வரை போய்த் திரும்பிய அணிதான் அது. தேசியப் போட்டியில் பெஸ்ட் ஆஃப் செவன் மாதிரி ஏழு ஆட்டத் தொடர் எல்லாம் கிடையாது. ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. ஒரு கோல்கீப்பருக்கு ஒரு நல்ல இரவு அமைந்தால் போதும், எதிரணியின் முழு சீசனும் குப்பைக்குப் போய்விடும். வால்ஷ் இதை நேரில் நாலைந்து முறை பார்த்திருந்தார்.

பதினெட்டு வயதுப் பையன் ஏன் கல்லூரிக்கு வந்தான்?

1992 இலையுதிர் காலத்தில் ஓரோனோ வந்த முதலாண்டு மாணவர்களில் ஒருவர் பால் கரியா. கனடாவின் வடக்கு வான்கூவரைச் சேர்ந்தவர். தந்தை ஜப்பானிய வம்சாவளிக் கனடியர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளியினரைக் கனடா அடைத்துவைத்த முகாமில் பிறந்தவர் அவர்.

கரியா அளவுக்குத் திறமையுள்ள கனடியப் பையன்கள் அந்தக் காலத்தில் பெரும்பாலும் மேஜர் ஜூனியர் என்ற உயர்மட்ட இளையோர் லீக்குகளுக்குப் போவார்கள். அங்கே கொடுக்கும் உதவித்தொகையையும் அங்கே ஆடும் தொழில்முறை ஒப்பந்தக்காரர்களையும் காரணம் காட்டி, அந்த லீக்குகளைத் தொழில்முறை ஆட்டமாகவே என்சிஏஏ எண்ணியது. அங்கே போனால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் கதவு மூடியது மாதிரிதான். 2025-26 சீசனில்தான் இந்தத் தடை விலகியது. அதாவது 1990களில் ஒரு பையன் பதினாறு வயதிலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

கரியா மேஜர் ஜூனியரைத் தவிர்த்துவிட்டு, ஒரு படி கீழே இருந்த பிரிட்டிஷ் கொலம்பியா ஜூனியர் லீக்கில் பென்டிக்டன் பேந்தர்ஸ் அணிக்கு இரண்டு வருடம் ஆடினார். உடல் சிறியது. மேஜர் ஜூனியரில் ஒரு சீசனுக்கு சுமார் 70 ஆட்டம் இருக்கும். கல்லூரியில் நாற்பது சொச்சம்தான், அதுவும் வார இறுதிகளில். மற்ற நாட்களில் பயிற்சியும் ஜிம்மும். இப்படிப்பட்ட ஆட்டக்காரருக்குக் கல்லூரி அட்டவணை தோதாக இருந்தது. அவரை மெய்னுக்குக் கொண்டுவந்த பெருமையை உதவிப் பயிற்சியாளர் கிராண்ட் ஸ்டாண்ட்புரூக்குக்குத் தருவார்கள்.

இங்கே ஒன்று கவனிக்கலாம். அந்த விதி மட்டும் இல்லாதிருந்தால் கரியா எங்கே ஆடியிருப்பார் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கல்லூரிக் கதவைத் திறந்தே வைத்திருக்க விரும்பிய சில கனடியப் பையன்களை அந்த விதி அமெரிக்கப் பக்கம் தள்ளியது. அதன் பலன் ஓரோனோவில் வந்து இறங்கியது.

மறுபக்கம் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஜிம் மாண்ட்கோமரி. 23 வயது, நான்காம் ஆண்டு, கேப்டன். வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. 1991 அரையிறுதித் தோல்வியையும் 1992 காலிறுதித் தோல்வியையும் ஐஸில் நின்று அனுபவித்தவர். சென்டரில் மாண்ட்கோமரி, இடதுபக்கம் கரியா, வலதுபக்கம் கால் இங்ரஹாம் என்ற குள்ளமான கோல் வேட்டைக்காரர். ஒன்றாக ஐஸில் இறங்கும் இந்த மூவர்தான் முதல் லைன்.

அந்த லைனின் எண்களை ஒருமுறை பார்த்துவிடலாம். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு வழிவகுத்த அதிகபட்சம் இருவருக்கும் அசிஸ்ட் என்று ஆளுக்கு ஒரு புள்ளி. கரியா 39 ஆட்டத்தில் 25 கோல், 75 அசிஸ்ட், மொத்தம் சரியாக 100. மாண்ட்கோமரி 32 கோல், 63 அசிஸ்ட், 95. இங்ரஹாம் 46 கோல், 39 அசிஸ்ட், 85. மூவரும் சேர்ந்து 280 புள்ளி. கரியாவின் கணக்கில் ஆறு ஆட்டம் குறைவாக இருப்பதைப் பாருங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டி ஸ்வீடனின் யேவ்லெயில் நடந்த உலக ஜூனியர் போட்டிக்குக் கனடாவுக்காகப் போய், தங்கம் வென்று திரும்பியிருந்தார்.

கரியாவின் அந்த 25-75 பிரிவுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம். நாட்டிலேயே மிகத் திறமையான ஆட்டக்காரர், தான் அடித்ததைப் போல மூன்று மடங்கு கோலுக்கு அடுத்தவருக்கு வழி செய்து கொடுத்திருக்கிறார்.

இரண்டு கோல்கீப்பர்

கல்லூரி அணிகள் பொதுவாக ஒரு கோல்கீப்பரை முதன்மையாக வைத்துக்கொண்டு இன்னொருவரை பெஞ்சில் உட்கார வைக்கும். வால்ஷிடம் மைக் டன்ஹம், கார்த் ஸ்னோ என்று இருவர் இருந்தார்கள். இருவருமே பின்னால் என்ஹெச்எல்லில் நிலைத்தவர்கள். ஆட்டங்களை இருவருக்கும் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். முடிவில் டன்ஹமின் கணக்கு 21 வெற்றி, 1 தோல்வி, 1 டிரா. ஸ்னோவின் கணக்கு 21 வெற்றி, 0 தோல்வி, 1 டிரா.

கரியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு அணி 45 ஆட்டத்தில் ஒரே ஒருமுறைதான் தோற்றது என்றால், சுமாரான இரவுகளிலும் அது தப்பித்திருக்கிறது என்று பொருள். முதல் லைன் எப்படியும் கோல் அடித்துவிடும். அடிக்காத நாளில் 3-2 என்று முடிக்க, களைப்பில்லாத கோல்கீப்பர் வேண்டும். பெரர்ரோ இரட்டையர்களான பீட்டரும் கிறிஸும் இரண்டாவது வரிசைத் தாக்குதலுக்கு இருந்தார்கள். தடுப்பில் கிறிஸ் ஐம்ஸ் இருந்தார். மற்ற அணிகளில் இந்த இரட்டையர்களே முதல் லைனாக இருந்திருப்பார்கள்.

அந்த ஒரு தோல்வி

பிப்ரவரி நடு வரை மெய்ன் தோற்கவே இல்லை. 32 ஆட்டம், 30 வெற்றி, 2 டிரா. 1993 பிப்ரவரி 19 அன்று பாஸ்டன் யுனிவர்சிட்டி ஆல்ஃபண்ட் அரீனாவுக்கு வந்தது. ஓவர்டைமில், அதாவது கூடுதல் நேரத்தில், 7-6 என்று மெய்ன் தோற்றது, அதுவும் சொந்த ரசிகர்கள் முன்னால்.

இந்தத் தோல்வி அணியின் தோளில் இருந்த பாரத்தை இறக்கியது, அதனால்தான் பட்டம் கிடைத்தது என்று சொல்வது வழக்கம். தோற்காத அணிகளைப் பற்றி எல்லோரும் சொல்கிற கதை அது. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த ஆட்டத்தில் எனக்குத் தெரிவது வேறு. ஆறு கோல் அடித்தும் தோற்கிற அணிக்குத் தன் பக்கம் பக் (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) வந்து விழும் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியாத இரவுகளும் உண்டு. இதே ஓட்டை மார்ச் கடைசியில் திறந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருக்காது. ஏப்ரலில் அது திறக்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு வந்த 12 ஆட்டத்தையும் மெய்ன் வென்றது. ஹாக்கி ஈஸ்ட் இறுதி ஆட்டத்தில் அதே பாஸ்டன் யுனிவர்சிட்டியைத் தோற்கடித்து லீக் கோப்பையை எடுத்தது. லீக் சீசனிலும் அதே ஒரு தோல்விதான்.

மில்வாக்கி

அந்தக் காலத்தில் தேசியப் போட்டிக்கு 12 அணிகள். முதல் நான்கு இடத்துக்குத் தேர்வான அணிகள் முதல் சுற்று ஆடத் தேவையில்லை. ஆகவே மெய்ன் மூன்று ஆட்டம் வென்றால் போதும். காலிறுதியில் மினசோட்டாவை எளிதாகத் தாண்டியது. அரையிறுதியும் இறுதியும் மில்வாக்கி பிராட்லி சென்டரில்.

அரையிறுதியில் எதிரே பயிற்சியாளர் ரெட் பெரன்சனின் மிஷிகன். மெய்ன் திணறியது. 60 நிமிடம் முடிந்தபோது 3-3. ஓவர்டைமில் அடுத்த கோல் யாருடையதோ அவர்களே வெற்றியாளர்கள். அந்தக் கோலை அடித்தது கரியாவும் இல்லை, மாண்ட்கோமரியும் இல்லை. லீ சாண்டர்ஸ். இந்தப் பெயரை இன்று மெய்ன் ரசிகர்களைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய கோல் விழாமல் போயிருந்தால் இறுதி ஆட்டமே இல்லை. 4-3.

இன்னொரு அரையிறுதியில் லேக் சுப்பீரியர் ஸ்டேட், பாஸ்டன் யுனிவர்சிட்டியை 6-1 என்று நொறுக்கியது. இந்த எதிரணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மெய்னின் கதையில் இவர்களை வெறும் வில்லனாக வைத்துவிடுகிறார்கள். மிஷிகன் மாநிலத்தின் வடகோடியில் கனடா எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சூ செயின்ட் மரி ஊர்க் கல்லூரி. மெய்னைவிடவும் சிறியது. ஜெஃப் ஜாக்சன் பயிற்சியாளர். 1992 பட்டம் அவர்களுடையது, 1994 பட்டமும் அவர்களுடையது. நடுவில் விடுபட்ட ஒரே வருடம் இது. சாதாரண அணியை மெய்ன் எதிர்கொள்ளவில்லை. நடப்புச் சாம்பியனை, அதுவும் உச்ச ஃபார்மில் இருந்த ஒரு அணியை எதிர்கொண்டது.

ஏப்ரல் 3, சனிக்கிழமை. மெய்ன் முதலில் 2-0 என்று முன்னேறியது. அப்புறம் லேக் சுப்பீரியர் வரிசையாக நான்கு கோல் அடித்தது. 20 நிமிடப் பீரியட் மூன்றில் இரண்டு முடிந்தபோது 4-2. 44 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில் மட்டும் தோற்ற அணி, பின்தங்கிய நிலையில் உடைமாற்றும் அறைக்குப் போனது.

மூன்றாம் பீரியடில் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஐந்து நிமிடத்துக்குள் மாண்ட்கோமரி மூன்று கோல் அடித்தார். மூன்றுக்கும் பக்கைக் கொடுத்தது கரியா. 5-4. மீதி நேரத்தை மெய்ன் காத்து நின்றது. மெய்ன் பல்கலைக்கழகத்துக்கு எந்தக் குழு விளையாட்டிலும் அதுதான் முதல் என்சிஏஏ பட்டம். போட்டியின் சிறந்த வீரர் மாண்ட்கோமரி. அந்த சீசனின் ஹாபி பேக்கர் விருது கரியாவுக்கு. முதலாண்டு மாணவர் ஒருவர் அதை வாங்கியது அதுவே முதல்முறை. அடுத்த முதலாண்டு வெற்றியாளருக்கு 2015இல் ஜாக் ஐக்கல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு வேடிக்கையான ஒற்றுமையும் உண்டு. 1970இல் கார்னெலின் 29-0 சீசனும் இதே மாதிரிதான் முடிந்தது. கிளார்க்சனுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் மூன்றாம் பீரியடில் டான் லோட்போவா ஹாட்ரிக் அடித்துத்தான் 6-4 என்று காப்பாற்றினார். பட்டியலில் பார்த்தால் அசைக்கமுடியாதவை போல் தெரிகிற இரண்டு சீசன்களுமே கடைசிப் பீரியடில் ஒரே ஆளின் கையில் தொங்கியிருக்கின்றன.

எதைக் கட்டினார்கள், எது தானாக அமைந்தது?

இரண்டு கோல்கீப்பர், ஆழமான தாக்குதல், நான்கு வருடம் வளர்த்த கேப்டன். இவையெல்லாம் வால்ஷ் திட்டமிட்டுக் கட்டியவை. முதல் 32 ஆட்டம் தோல்வி இல்லாமல் போனதற்கு அவையே காரணம் என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் 4-2இல் இருந்து 5-4க்குப் போனதை அப்படிச் சொல்ல முடியாது. 18 வயதுக்காரர் கொடுத்த மூன்று பக்கை 23 வயதுக்காரர் வலைக்குள் போட்டார். அந்த இருவரின் பாதையும் குறுக்கிட்டது அந்த ஒரு சீசனில் மட்டும். கரியா ஒரு வருடம் தாமதமாக வந்திருந்தால் மாண்ட்கோமரி அங்கே இருந்திருக்க மாட்டார். மாண்ட்கோமரியை ஏதாவது ஒரு என்ஹெச்எல் அணி டிராஃப்டில் எடுத்து, மூன்றாம் ஆண்டோடு ஒப்பந்தம் கொடுத்துக் கூட்டிப்போயிருந்தாலும் கதை முடிந்தது. அவரை யாரும் கண்டுகொள்ளாததுதான் மெய்னுக்குக் கிடைத்த லாபம். நான்கு வருடத்தில் 301 புள்ளி எடுத்து, அந்தக் கல்லூரியின் சாதனைப் பட்டியலில் முதலிடத்தில் அவர் இருப்பதும் அதனால்தான்.

அடுத்த வருடம் இதைச் சோதித்துப் பார்க்க வசதியாக அமைந்தது. பயிற்சியாளர் அவரே, அரங்கம் அதுவே. ஆனால் மாண்ட்கோமரி படிப்பை முடித்துப் போய்விட்டார். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்ஸுக்காக டன்ஹமும் ஸ்னோவும் ஐம்ஸும் அமெரிக்க அணிக்குப் போனார்கள். 1993 டிராஃப்டில் என்ஹெச்எல் அணியான அனாஹைம் நான்காவது ஆளாக எடுத்த கரியா, மெய்னுக்கு 12 ஆட்டம் ஆடிவிட்டுக் கனடா அணியில் சேர்ந்து ஒலிம்பிக் வெள்ளி வாங்கினார். மெய்ன் களத்தில் வென்றது ஏறக்குறைய பாதி ஆட்டங்களைத்தான். அதிலும் தகுதி இல்லாத வீரரை ஆடவைத்ததற்காக வென்ற ஆட்டங்கள் பல பறிக்கப்பட, பதிவேட்டில் அந்த சீசன் 6 வெற்றி, 29 தோல்வி, 1 டிரா என்று நிற்கிறது. விசாரணை தொடர்ந்ததில் சில வருடம் கழித்து வால்ஷுக்கு ஒரு வருட இடைநீக்கமும் வந்தது. 1993 பட்டத்தில் யாரும் கைவைக்கவில்லை.

வால்ஷ் திரும்பி வந்து 1999இல் நியூ ஹாம்ப்ஷயரை ஓவர்டைமில் வென்று இரண்டாவது பட்டத்தை எடுத்தார். சிறுநீரகப் புற்றுநோயால் 2001 செப்டம்பரில் இறந்தார். ஸ்னோ பிறகு நியூயார்க் ஐலண்டர்ஸின் ஜெனரல் மேனேஜரானார். கரியா 989 என்ஹெச்எல் ஆட்டத்தில் 989 புள்ளி எடுத்து, 2017இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார். டிராஃப்டில் யாரும் எடுக்காத மாண்ட்கோமரி பயிற்சியாளராகி, 2017இல் டென்வர் கல்லூரிக்கு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2022-23இல் அவர் நடத்திய பாஸ்டன் புரூயின்ஸ் 65 வெற்றியோடு என்ஹெச்எல் சாதனை படைத்தது. அந்த அணி பிளேஆஃப் முதல் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் ஏழாவது ஆட்டத்தில், ஓவர்டைமில் 4-3 என்று தோற்றது.